முத்தரசியின் பிளேன்

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று அரசி குரலைக் கேட்டேன்.

கனவு இல்லை. பட்டப்பகல், அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனாலும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அரசி என் மகள். முத்தரசி. இன்ஜினியரிங் கடைசி வருசம் படித்தாள். சித்திரையில் பைபாஸில் ஸ்கூட்டியோடு லாரி அடித்துப் போய்விட்டாள். அவள் போன் தூளாகிவிட்டது. போட்டோ நிறைய இருக்கிறது. குரல்தான் எங்கேயும் இல்லை. என்னுடையது பட்டன் போன். அவருடைய போனில் அவள் எழுதி அனுப்பியது மட்டும் இருக்கிறது, பேசியது ஒன்றும் இல்லை. எதிர் வீட்டுப் பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் போதும், கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன்.

இன்று பெனாசிர் வந்தாள். அரசியோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். கையில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பிளேன். அரசி தன் கையால் செய்த பிளேன், காலேஜில் பார்வைக்கு வைத்திருந்தார்களாம், இன்னும் ஒரு தடவைகூடப் பறக்கவில்லையாம். கூடவே ஒரு ரிமோட். டிவி ரிமோட் மாதிரி இல்லை, இரண்டு கையாலும் பிடிக்கிற அளவு, மேலே இரண்டு குச்சி.

"ரொம்ப நாளா என் வீட்டுலயே கெடந்துச்சும்மா. கொண்டு வரத் தைரியம் வரல."

வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ரிமோட்டைப் போட்டாள்.

"கிளம்பியாச்சா? தண்ணி பாட்டல் எடுத்தியா?"

அரசி. அரசியேதான். ஆனால் அவள் மாதிரிப் பேசவில்லை, என்னை மாதிரிப் பேசினாள். தினம் காலையில் அவள் கிளம்பும்போது அடுப்படியில் நின்று நான் கத்துவது. அதே இழுப்பு. 'பாட்டில்' என்பதை 'பாட்டல்' என்பேனே, அது உட்பட. பின்னால் ஏதோ ஊதுகிற சத்தம் வேறு.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெனாசிருக்கும் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"ரிமோட் ஃபுல்லா எங்கம்மாதான் பேசும்னு சொன்னாம்மா. இவ்வளவு அப்படியே பேசி வச்சிருப்பான்னு எனக்குத் தெரியாது."

இன்னும் இருக்கிறதாம். பிளேன் கிளம்பும்போது ஒன்று, பேட்டரி குறைந்தால் ஒன்று, வேறு என்னவோ. பறந்தால்தான் அது பேசும். பெனாசிர் சொன்னாள், உள்ளே சின்னதாக ஒரு கார்டு இருக்கிறது, கம்ப்யூட்டரில் போட்டு எல்லாவற்றையும் இப்போதே கேட்கலாம் என்று.

வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. கம்ப்யூட்டரில் கேட்டால் அது செத்தவள் பேசியது. பறக்கும்போது கேட்டால் அவள் அந்த நேரத்துக்குப் பேசுகிறாள்.

"அப்ப யாரு பறக்க விடுறது?" என்றாள்.

"நான்தான்."

"அம்மா!"

"என்னட்டி அம்மா? நான்தான் விடுவேன்."

பெட்டியைப் பரண் மேல் பொங்கல் பானைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி, பரணில் ஏற மாட்டார். பதினாறாம் நாள் அவள் துணிமணியெல்லாம் கட்டி ஆசிரமத்துக்குக் கொடுத்துவிட்டார். பேனாவைக்கூட விடவில்லை. அன்றிலிருந்து அவள் பெயரையும் சொல்வதில்லை. இதைப் பார்த்தால் இதையும் கொடுத்துவிடுவார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நான் சத்துணவு சமைக்கிற பள்ளிக்கூடத்தில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. ரிமோட்டைச் சார்ஜ் போட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பெனாசிர் வீட்டுக்குப் போனேன். அவள் உம்மா டீ கொடுத்தார்கள். அரசி பற்றி ஒன்றும் கேட்கவில்லை, கையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

அரசி பிளேனை நேரடியாக நான் எடுக்கக் கூடாதாம். அதற்கு இறக்கை அடிப்பக்கம் இருக்கிறது, கண்சிமிட்டுவதற்குள் புரண்டுவிடும். அது ஒன்றுதான் இருக்கிறது, உடைந்தால் உடைந்ததுதான். அதனால் முதலில் படிக்கிற பிளேன் ஒன்று வாங்கிப் பழக வேண்டும். லேப்டாப்பில் படமாகக் காட்டினாள்.

எனக்குச் சிவப்பில் ஒன்று பிடித்திருந்தது. மூக்குக் கூராக, சண்டைக்குப் போகிற பிளேன்.

"அது ராக்கெட்டும்மா. முதல் நாளே குப்பையில போட வேண்டியதுதான்."

"பாக்க நல்லா இருக்கே."

"பாக்க நல்லா இருக்கறதெல்லாம் கெட்டது. இதப் பாருங்க."

அவள் காட்டியது கோழி மாதிரி இருந்தது. தடித்த வயிறு, மொழுக்கென்று மூக்கு, தலைமேல் நீளமாக ஒரு இறக்கை. விசிறி முன்னால் இல்லை, இறக்கைக்குப் பின்னால். ஏன் என்று கேட்டேன். புதிதாக விடுகிறவர்கள் மூக்கால்தான் குத்துவார்கள், விசிறி முன்னால் இருந்தால் முதலில் அது உடையும். இறக்கை மேலே இருந்தால் உடம்பு கீழே தொங்கும், கையை விட்டாலும் தானாக நிமிர்ந்துகொள்ளும். இறக்கை தடியாக இருந்தால் மெதுவாகப் பறக்கும், நமக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். உடம்பு தெர்மாகோல் மாதிரி, ஆனால் நொறுங்காது, அமுங்கி எழும்.

இவ்வளவு விசயம் இருக்கிறது. நான் புடவை எடுக்கிற மாதிரி கலர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோழியையே வாங்கச் சொல்லிவிட்டேன். அரசி ரிமோட்டிலேயே அதையும் ஓட்டலாமாம். உள்ளே ஒவ்வொரு பிளேனுக்கும் தனி இடம் உண்டு. ஆனால் அரசி பேசுவது அவள் பிளேனுக்கு மட்டும்தான். கோழிக்கு இங்கிலீஷ்காரி ஒருத்தி பேசுவாள்.

என்ன செய்தாலும் ஒரு தப்பு மட்டும் செய்யக் கூடாது என்றாள். போடும்போது முதலில் ரிமோட், பிறகு பிளேன். அணைக்கும்போது முதலில் பிளேன், கடைசியில்தான் ரிமோட். மாற்றிச் செய்தால் பிளேன் தன் இஷ்டத்துக்கு விசிறியைச் சுற்றிக் கையை வெட்டிவிடும்.

வீட்டில் அவரிடம் கோயிலுக்குப் போனேன் என்றேன்.

ஆகஸ்ட் 21, புதன்

சத்துணவில் என்னோடு சமைக்கிற தங்கபுஷ்பத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"என்ன மைனி, பிளேன் ஓட்டப் போறீகளாமே? துபாய்க்கு எனக்கு ஒரு டிக்கெட் போடுங்க."

"முதல்ல அந்தக் கீரைய ஆஞ்சு முடி. பொறவு துபாய் போகலாம்."

"சன்னல் ஓரமாத் தாங்க மைனி."

சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சித்திரைக்குப் பிறகு இன்றுதான் சிரித்திருக்கிறேன் போல. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். அண்ணனிடம் சொல்ல மாட்டேன் என்று கீரை மேல் சத்தியம் செய்தாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

லேப்டாப்பிலேயே பிளேன் விடப் பழகலாம், ரிமோட்டை ஒயரில் சொருகிவிட வேண்டும். விழுந்தாலும் நஷ்டம் இல்லை. காலையிலிருந்து விழுந்துகொண்டே இருந்தேன். இடது குச்சி வேகத்துக்கு. வலது குச்சி திரும்புவதற்கும் ஏறி இறங்குவதற்கும். மெதுவாக, பல்லி வாலைத் தொடுகிற மாதிரித் தொட வேண்டும் என்கிறாள். நான் மாவாட்டுகிற மாதிரி ஆட்டுகிறேனாம்.

விலகிப் போகும்போது சரியாக வருகிறது. என்னைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ். வலது என்றால் இடது போகிறது.

பெனாசிர் ஒன்று கேட்டாள். "ரிமோட் பேட்டரி ஏம்மா இப்படி இறங்குது? நாம ஓட்டவே இல்லையே."

தெரியாது என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோழி வந்துவிட்டது.

ஊருக்கு வெளியே பிளாட் போட்ட இடம் இருக்கிறது. தார் ரோடு, நட்ட கல், ஒரு ஆர்ச். வீடு ஒன்றும் வரவில்லை. விடியும்போது காற்று இல்லை, போனோம். பெனாசிர் முதலில் விட்டுக் காட்டினாள். எவ்வளவு சுலபம்! பிறகு மேலே நல்ல உயரத்தில் வைத்து என் கையில் கொடுத்தாள்.

அது பொம்மை என்று யார் சொன்னது? கையில் உயிர் துடித்தது. சின்னப் பிள்ளை கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டும்போது, எப்போது உதறிக்கொண்டு ஓடும் என்று இருக்குமே, அப்படி. இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் என் பக்கம் திரும்பி நேராக முகத்துக்கு வந்தது. வலதா இடதா? குச்சியை இழுத்தேன். பிளாட் கல்லில் மூக்கால் குத்தியது.

ஓடிப் போய் தூக்கினேன். மூக்கு சப்பிப் போயிருந்தது. விசிறிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெனாசிர் சொன்னது சரிதான், பின்னால் இருந்ததால் பிழைத்தது.

"சுடுதண்ணி ஊத்துனா உப்பிரும். விடுங்கம்மா, இது விழறதுக்குன்னே செஞ்சது."

பிளாட் கல் பக்கம் ஆடு மேய்த்த ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "மக போயி வருசம் திரும்பல. இது வெளாட்டுச் சாமான் வச்சி வெளாடுது."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கோழி மேல் இருந்த மண்ணைத் துடைத்தேன்.

செப்டம்பர் 4, புதன்

முட்டை நாள். அவித்து உரித்து விரலெல்லாம் வெந்துவிட்டது. அவருக்கு மில் கேட் காவலில் இரண்டாவது ஷிப்ட். பரணில் ஏறி ரிமோட்டைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எதிரே வரும்போது என்ன செய்வது என்று பிடிபட்டுவிட்டது. பெனாசிர் எத்தனையோ விதமாகச் சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் சொன்னாள், "வலது இடதெல்லாம் மறந்துருங்கம்மா. எந்தப் பக்கம் இறக்கை சாயுதோ, அந்தப் பக்கம் குச்சியக் கொண்டு போயி முட்டுக் குடுங்க."

முட்டுக் கொடுப்பதா? அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? பந்தல் சாய்ந்தால் சாய்கிற பக்கம் கம்பை ஊன்றுவோம். வலதா இடதா என்றா யோசிப்போம்? அதன்பின் இன்று விழவே இல்லை. கோழி என் தலைக்கு மேலே வந்தது, போனது, வந்தது.

செப்டம்பர் 22, ஞாயிறு

தனியாக ஏற்றினேன், தனியாக இறக்கினேன். பெனாசிர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இறக்குவதுதான் கஷ்டம். பயத்தில் குச்சியை இழுத்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்று தொப்பென்று விழும். வேகத்தைக் குறைத்துவிட்டு, அது இறங்குகிற இறக்கத்துக்கு விட்டுப் பிடிக்க வேண்டும்.

"அடுத்தது அவளோடத எடுக்கலாம்மா," என்றாள் பெனாசிர்.

ரிமோட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டில் அவர் கேட்டார். "கோயில்ல என்ன விசேசம்? வாரா வாரம் போற."

"சும்மாதான்."

"வெயில்ல முகம் கருத்துப் போயிருக்கு. கோயிலுக்குள்ளயா வெயில் அடிக்குது?"

பிரகாரம் சுற்றினேன் என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எப்போதும் அப்படித்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

காற்று. போகவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நேற்று பெனாசிர் வந்து அரசி பிளேனைச் சரிபார்த்துவிட்டுப் போனாள். இறக்கைக்கு அடியில் இரண்டு விரல் வைத்துத் தூக்கினால் தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். நின்றது. நாளை விஜயதசமி, நல்ல நாள், நாளைக்கே விடலாம் என்று முடிவு.

அவர் மில்லில் பூஜைக்குப் போனார். நான் பிளேனைப் பரணிலிருந்து இறக்கி அரிவாள்மணை, அரிசிப் படி, தையல் மிஷின் பக்கத்தில் வைத்தேன். சந்தனம், குங்குமம். பொரிகடலை. ஸ்கூட்டி வாங்கிய வருசம் அரசி அதற்குச் சந்தனம் வைத்துவிட்டு என் மூக்கிலும் வைத்தாள். அந்த வருசம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க மறந்துவிட்டோம். பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

இந்த முறை மறக்கவில்லை.

அக்டோபர் 12, சனி

எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

விடிந்ததும் போனோம். பிளேனைத் தார் ரோட்டில் வைத்தோம். ரிமோட்டைப் போட்டேன். "கிளம்பியாச்சா? தண்ணி பாட்டல் எடுத்தியா?" பெனாசிர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிளேனுக்குப் பேட்டரி மாட்டினாள். காற்று எதிரே. இடது குச்சியை மெதுவாக ஏற்றினேன். பிளேன் ஓடியது, வால் ஆடியது, தரையை விட்டது.

அப்போது ரிமோட் பேசியது.

"ரோட்டப் பாத்துப் போ."

தினம் சொல்வேன். அவள் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று சொல்வேன். அன்றும் சொன்னேன்.

பிளேன் மூக்கைத் தூக்கியது. தூக்கிக்கொண்டே போனது, கோபுரம் மாதிரி நட்டுக்க நின்றது. பெனாசிர் "கீழ, கீழ, அமுக்குங்க" என்று கத்தியது கேட்டது. பிறகு ஒரு இறக்கை சாய்ந்தது, பிளேன் புரண்டு தார் ரோட்டில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ரிமோட் என் கையிலிருந்து விழுந்து, மூடி தெறித்து, பேட்டரி வெளியே வந்து அணைந்துவிட்டது.

இறக்கை இரண்டாக முறிந்தது. மூக்கு இல்லை. உடம்பு பிளந்து வாலிலிருந்து எலுமிச்சம்பழம் உருண்டு ரோட்டோரம் போய் நின்றது.

பெனாசிர் பழத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னதும்மா இது?"

"திருஷ்டிக்கு."

"வால்லயா?"

"கீழ விழாம இருக்கட்டுமேன்னு உள்ள செருகுனேன்."

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். வால் பக்கம் ஒரு பழம் அளவு கனம் ஏறினாலும் மூக்கு வானத்தைப் பார்க்கும், எந்த மனுசனாலும் இறக்க முடியாது என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, நீங்க குச்சியவே தொடலம்மா. அது ஏறும்போது ரெண்டு கையும் சும்மா நின்னுச்சு."

எலுமிச்சம்பழம்தான் காரணம்.

ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தேன். தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும். இப்படி ஒரு தடவை பொறுக்கியது போதாதா எங்களுக்கு?

கதவு திறந்து கிடந்தது. அவர் ஷிப்ட் மாறி வீட்டில் இருந்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று மீதியை எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அவர் என் முந்தானையைப் பார்த்தார். "என்னது?"

இனி எங்கே மறைப்பது? கட்டை அவிழ்த்துப் பாயில் கொட்டினேன். எடுத்துக் குப்பையில் போடுவார் என்று நினைத்து முன்னால் உட்கார்ந்து கையால் மறைத்துக்கொண்டேன். அவர் குனிந்து என் கையை விலக்கி, முறிந்த இறக்கையை எடுத்தார். திருப்பினார். நடுவில் இருந்த ஒட்டு ஒன்றைக் கட்டை விரலால் தடவினார்.

"இது நான் பிடிச்சிக்கிட்டு இருந்தது."

எனக்கு விளங்கவில்லை.

"பசை காயற வரைக்கும் அசையாமப் பிடிக்கணும்னா. நான் பிடிச்சேன். கை மரத்துப் போச்சு."

"நீங்களா? எங்க வச்சி?"

"மில்லு கேட்டுல. காவல் ரூம்ல வச்சித்தான் எல்லாம் வெட்டுனோம். வீட்டுல வெட்டுனா குப்பைன்னு அம்மா வையும்னா."

எத்தனை சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு போகிறேன் என்று தூக்குச்சட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள்! லேட்டாக வந்தால் எங்கே போனாய் என்று நான் சத்தம் போடுவேன். இவரும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு பிளேனையே செய்திருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு வந்தது கோபமா, சந்தோசமா, எதுவென்று இப்போதும் தெரியவில்லை.

ரிமோட்டில் பேட்டரியைப் போட்டு மூடி, அவர் கையில் கொடுத்தேன். என்ன என்று சொல்லவில்லை. பட்டனை அமுக்கினேன்.

"கிளம்பியாச்சா? தண்ணி பாட்டல் எடுத்தியா?"

அவர் ரிமோட்டைப் போட்டுவிடவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், "பின்னால ஊதுதே, அது நம்ம மில்லு சங்கு. ஷிப்ட்டுச் சங்கு. நான் டீ வாங்கப் போயிருப்பேன். அந்த நேரத்துல பேசி வச்சிருக்கா, களவாணிக் கழுத."

கொஞ்ச நேரம் கழித்து, "அரசி," என்றார்.

சித்திரைக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வருவது இதுதான் முதல். அதன்பின் அவர் அழுத அழுகையைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். இன்றைக்குத்தான் சாவு விழுந்த மாதிரி.

அக்டோபர் 20, ஞாயிறு

இறக்கை வெட்டிய அட்டை அச்சு, வால் அச்சு, எல்லாம் காவல் ரூம் பீரோ மேல் அப்படியே இருந்ததாம். கொண்டு வந்தார். பெனாசிர் புது ஷீட் வாங்கி வந்தாள். நடு வீட்டில் வைத்தே வெட்டுகிறோம். வீடு முழுக்க வெள்ளைத் துகள், காற்றடித்தால் சாம்பாரில் விழுகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் பசை காயும் வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "விடலாம் அப்பா, காஞ்சிருச்சு," என்று பெனாசிர் சொன்னாள். அவர் விடவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எங்களுக்கு இல்லை. தங்கபுஷ்பம் அதிரசம் கொடுத்துவிட்டாள். இழவு வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கலாம், அதுதான் முறை.

நவம்பர் 10, ஞாயிறு

மழை. பிளாட்டில் முழங்கால் தண்ணீர்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை விட்டு வானம் வெக்காளித்து வெயில் வந்திருந்தது. மூன்று பேரும் போனோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் கிடந்த கல்லையெல்லாம் காலால் தள்ளினார்.

பெனாசிர் இரண்டு விரலில் பிளேனைத் தூக்கிப் பார்த்தாள். "வேற ஏதாவது உள்ள இருக்காம்மா? தேங்கா, பூசணிக்கா?"

"ஒண்ணும் இல்லட்டி."

"சத்தியமா?"

"இவ பிளேன் வயித்துல ஒளிச்சி வச்சாலும் வைப்பா. சோதிச்சிக்கோம்மா," என்றார் அவர். அவர் கேலி பேசி எவ்வளவு நாளாயிற்று!

ரிமோட்டைப் போட்டேன். பேட்டரி மாட்டினாள். குச்சியை ஏற்றினேன். பிளேன் தரையை விட்டதும், "ரோட்டப் பாத்துப் போ."

இந்த முறை குச்சியை விடவில்லை. திரும்பி என்னைப் பார்த்து வரும்போது இறக்கை இடது பக்கம் சாய்ந்தது, முட்டுக் கொடுத்தேன். நிமிர்ந்தது. ஏறியது.

கோழி மாதிரி இல்லை இது. துள்ளியது. தொட்டால் திரும்பியது. வெயில் இறக்கையில் பட்டுப் பட்டுத் தெறித்தது. அரசி இதை ஒரு தடவைகூடப் பறக்க விடவில்லை. பறந்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. இந்த நினைப்பு வந்ததும் கண் மறைத்தது. புறங்கையால் துடைக்கவும் முடியாது. அவர்தான் துண்டால் துடைத்துவிட்டார், நான் பிளேனை விட்டுக் கண்ணெடுக்காமலே.

எவ்வளவு நேரம் சுற்றினேன் என்று தெரியாது. ரிமோட் பேசியது.

"போதும் ஆடுனது. வீடு வந்து சேரு."

பெனாசிர் சொன்னாள், "பேட்டரி கம்மிம்மா. இறக்கிருங்க."

இறக்கத்தான் போனேன். காற்று சரியில்லை என்று இன்னொரு சுற்று போனேன்.

"போதும் ஆடுனது. வீடு வந்து சேரு."

மறுபடியும் சொல்கிறாள். இறக்கும் வரை சொல்லிக்கொண்டே இருப்பாள் போல. வெயில் கண்ணில் அடித்தது, அதனால் இன்னொரு சுற்று.

"போதும் ஆடுனது. வீடு வந்து சேரு."

"அம்மா, காத்தே இல்லம்மா. இறக்குங்க. பேட்டரி தீர்ந்தா கல்லு மாதிரி விழும். மறுபடி ஒட்ட முடியாது."

தெரியும். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் இறக்கினால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். மேலே இருக்கிற வரை கூப்பிட்டுக்கொண்டு இருப்பாள். விசிறிச் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. பிளேன் திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

"போதும் ஆடுனது. வீடு வந்து சேரு."

அவர் என் தோளில் கைவைத்தார். அதட்டவில்லை, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இறக்கு பேச்சி. பிள்ள வீட்டுக்குத்தான வரச் சொல்லுதா."

நான் இறக்கினேன். வேகத்தைக் குறைத்து, அதன் இறக்கத்துக்கு விட்டு, தார் ரோட்டில் வைத்தேன். சக்கரம் ஒரு தடவை குதித்தது. ஓடி நின்றது. முழுசாக நின்றது. நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் உட்கார்ந்தார்.

பெனாசிர் ஓடிப் போய்ப் பிளேனின் பேட்டரியைப் பிடுங்கினாள். அணைக்கும்போது பிளேன் முதலில், ரிமோட் கடைசியில். பிளேன் அணைந்ததும் என் மடியிலிருந்த ரிமோட், நாங்கள் இதுவரை கேட்காத ஒன்றைச் சொன்னது. பிளேனோடு தொடர்பு அறுந்தால் சொல்வதற்கு அவள் வைத்திருந்தது. அவள் லேட்டாக வரும் நாளில் போனைப் போட்டு நான் கேட்பது. அதே அதட்டல், அதற்குள்ளே இருக்கிற பயமும் அப்படியே.

"ஏட்டி, எங்க போன? சத்தத்தையே காணோம்?"

பெனாசிர் பிளேனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

அவர் ரிமோட் பக்கம் குனிந்தார். காது கேளாதவர்களிடம் பேசுகிற மாதிரி, நிதானமாக, சத்தமாகச் சொன்னார்.

"இங்கனதான் தாயி இருக்கோம். அம்மாவும் இருக்கா. நானும் இருக்கேன்."

ரிமோட் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு அவரே அணைத்தார்.